தானமாக வந்த மாடு அன்று

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் சொல். கொடுப்பவர் மனம் நோகக்கூடாது என்னும் பண்பு அதில் உண்டு. ஆனால் அந்நிய முதலீட்டையும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளையும் பற்றி நம்மிடையே நடைபெறும் பேச்செல்லாம் இன்று இப்பழமொழிக்குள் அடங்கிவிடுவதைக் காண்கிறோம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வருகிறது. சில ஆயிரம் பேருக்கு வேலை தருகிறது. அந்த வேலை நிலையானதா, கூலி ஒரு குடும்பத்தைத் தாங்குமா, ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதன் கழிவு எங்கே போகிறது என்று எவரேனும் கேட்டுவிட்டால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: "வேலை கிடைத்ததே பெரிது; அதிகம் கேட்டால் அவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள்." இந்த வாயடைப்பை மறுப்பதே நம் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிவிடுவோம். நாம் அந்நிய முதலீட்டின் பகைவர் அல்லோம். வெளிநாட்டார் பணம் என்றாலே சுரண்டல், ஏற்றுமதி என்றாலே நம் வளத்தைக் கொள்ளை கொடுப்பது என்று மேடைகளில் முழங்குவோருடன் நமக்கு உடன்பாடில்லை. 1991-ஆம் ஆண்டில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்குச் சுருங்கிற்று. நாட்டின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு அடகு வைக்கப்பட்டது. நாம் எரிக்கும் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. உரமும், மருந்துக்கான மூலப்பொருள்களும் கணிசமாக அவ்வாறே வருகின்றன. இவற்றுக்கு ரூபாயில் விலை கொடுக்க இயலாது. டாலரில் கொடுக்க வேண்டும். அந்த டாலரைக் கடன் வாங்கலாம். அல்லது பொருளையோ உழைப்பையோ விற்று ஈட்டலாம். கடன் வாங்கியவன் நிலை என்னவாகும் என்பதை 1991 நமக்குக் கற்பித்தது.

ஈட்டும் வழியில் தமிழகம் பின்தங்கி நிற்கவில்லை. 1996-இல் தமிழகத்தில் காலூன்றிய ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்களை வெளியிட்டது. சென்னைத் துறைமுகத்தின் வழியே அவை பல நாடுகளுக்குச் சென்றன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் என்னும் ஒரே நகரத்தைச் சார்ந்திருக்கிறது. 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளின் மதிப்பு ஏறத்தாழ 5,207 கோடி டாலர். அவற்றுள் மின்னணுப் பொருள்கள் மட்டும் ஏறத்தாழ 1,465 கோடி டாலர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022-23-இல், இது வெறும் 537 கோடியாக இருந்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐவருக்கு இருவர் தமிழ்நாட்டில் இருக்கின்றனர் என்பதை மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்கணக்கு காட்டுகிறது. வயலில் கூலி பெற்ற தாயின் மகள் இன்று மாதச் சம்பளம் பெறுகிறாள். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாள். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துகிறாள். இதை அற்பமென்று ஒதுக்குவோர் வறுமையை அருகிருந்து பாராதவர்.

ஆலையின் நன்மை அதன் மதிற்சுவருக்குள் நின்றுவிடுவதும் இல்லை. கார் ஆலை ஒன்று வந்தால் இருக்கை தைப்பவர், கண்ணாடி வார்ப்பவர், இரும்புத் தகட்டை அழுத்தி வளைப்பவர், மின்கம்பி கட்டுபவர் எனத் துணைத்தொழில்கள் அதைச் சுற்றி முளைக்கின்றன. லாரி ஓட்டுநர், உணவகக்காரர், வாடகைக்கு அறை விடுபவர், தையற்கடைக்காரர் என்று அவ்வட்டம் விரிகிறது. ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்தை ஏற்றுமதி தாங்குகிறது என்பதன் பொருள் இதுவே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே நாம் நம் கேள்விக்கு வருகிறோம்.

இவையெல்லாம் நமக்குத் தானமாகவா வந்தன?

வெளிநாட்டு நிறுவனம் தமிழகத்தைத் தேர்ந்தெடுப்பது நம்மீது கொண்ட பரிவினால் அன்று. கணக்குப் பார்த்தே அது வருகிறது. அந்தக் கணக்கில் வரும் ஒவ்வொரு தொகையையும் நம் மக்கள் பல தலைமுறைகளாகச் செலுத்தியிருக்கிறார்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளுக்குப் பரவலாக்கப்பட்டு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவு, ஏழைச் சிறுமியைப் பள்ளியில் இருத்திற்று. அரசுப் பள்ளிகளும் நம் துறவறச் சகோதரிகள் நடத்திய பள்ளிகளும் அவளுக்கு எழுத்தறிவித்தன. 1955-இல் எழுந்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும் கடைசல் பிடிக்கவும் வார்க்கவும் தெரிந்த ஒரு தொழிலாளர் தலைமுறையை உருவாக்கின. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் நிலத்தைத் திரட்டிச் சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்தது. அந்நிலத்தில் ஒரு பகுதி, ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக் குடியானவரின் நிலம். இத்தனைக்கும் மேலாக, பெரிய முதலீட்டாளருக்கு முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மின்வரி விலக்கு, மூலதன மானியம் என்று அரசு சலுகைகளையும் வழங்குகிறது. விலை கொடுத்தல்லவா வாங்கியிருக்கிறோம்! விலை கொடுத்து வாங்கியவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் என்ன குற்றம்?

இனி, கொடுத்த விலைக்கு ஈடாக மாநிலத்துக்குக் கிடைப்பது எது என்று பார்ப்போம். வரி கிடைக்கிறதே என்று பலர் எண்ணுகின்றனர். 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒரு பொருளின் மீதான வரி அது செய்யப்படும் மாநிலத்துக்கு அன்றி, நுகரப்படும் மாநிலத்துக்கே சேருகிறது. ஏற்றுமதியாகும் பொருளுக்கோ வரியே இல்லை. இடையில் செலுத்திய வரியும் திருப்பித் தரப்படுகிறது. ஏற்றுமதிப் பொருளின் மேல் வரி சுமத்தலாகாது என்பது உலக வழக்கம், அதில் தவறில்லை. நிறுவனத்தின் இலாபத்தின் மேலுள்ள வருமான வரி மத்திய அரசுக்குச் செல்கிறது. அதிலிருந்து மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்படும் பங்கு, தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து அளிக்கப்படுவதில்லை. இலாபமோ பங்குதாரர் இருக்கும் நாட்டுக்குப் போகிறது. கைபேசியின் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை சீனா முதலிய நாடுகளிலிருந்து வருபவை. ஆகவே ஏற்றுமதித் தொகையில் பெரும்பகுதி அவற்றின் விலையாக மீண்டும் வெளியே சென்றுவிடுகிறது.

அப்படியானால் இம்மண்ணில் எஞ்சுவது யாது? தொழிலாளி பெறும் கூலி, உள்ளூர்த் துணைத்தொழில்கள் பெறும் விலை, கைகள் கற்றுக்கொள்ளும் திறன் ஆகிய மூன்றே பெரும்பாலும் எஞ்சுகின்றன. இவற்றுள் கூலியே தலையாயது. கடைத்தெருவில் செலவாவதும், பள்ளிக் கட்டணமாவதும், வீடாக எழும்புவதும் அதுதான். எனவே கூலியைக் குறைத்து முதலீட்டை ஈர்ப்போம் என்பவர், நெல்லைக் கொடுத்துவிட்டு உமியை வாங்கிவரச் சொல்கிறார். எந்தப் பயனுக்காக ஆலையை அழைத்தோமோ, அந்தப் பயனையே விட்டுக்கொடுத்து ஆலையை அழைப்பது எவ்வகை அறிவுடைமை?

இது வெறும் வாதமன்று. ஏட்டில் உள்ள வரலாறு. தமிழகத்தின் தையல் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலியை நெடுங்காலத்துக்குப் பின் உயர்த்தி 2014-இல் அரசு ஆணை பிறப்பித்தது. ஆடை உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2016-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. உலகச் சந்தையில் விற்கும் சட்டையைத் தைத்த பெண்ணுக்கு, சட்டப்படி குறித்த மிகக் குறைந்த கூலியும் இத்தனை போராட்டத்துக்குப் பின்னரே உறுதியாயிற்று. இதற்கு முன்னரே, நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயருடன் ஏழைச் சிறுமியரை மூன்றாண்டுகள் விடுதியில் அடைத்து, முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய கொடுமையையும் நாம் அறிவோம். இடையில் நோயுற்று வெளியேறியவருக்கு அத்தொகையும் கிட்டவில்லை. அந்நூலில் நெய்த துணிகளும் கப்பலேறின.

"அதிகம் கேட்டால் போய்விடுவார்கள்" என்னும் அச்சத்தை இப்போது உரைத்துப் பார்ப்போம். போனவர் ஏன் போயினர், இருப்பவர் ஏன் இருக்கின்றனர் என்பதற்கு நம் கண்முன்னே சான்றுகள் உள்ளன.

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006-இல் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. அதன் உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பர் முதல் நாள் அவ்வாலை நின்றது. அங்கும் வேலைநிறுத்தங்கள் நடந்ததுண்டு. ஆனால் ஆலையை மூடியவை அவை அல்ல. தொடுதிரைக் கைபேசிகள் வந்து உலகச் சந்தையில் நோக்கியாவை வீழ்த்தின. அதன் கைபேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வருமான வரித்துறையுடனான வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்த காரணத்தால் நம் ஆலை அவ்விற்பனையில் சேர இயலவில்லை. முதலாளிக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில் வீதிக்கு வந்தவள், வழக்கில் கட்சிக்காரரே அல்லாத தொழிலாளி. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பதே அந்நிறுவனம் 2021-இல் சொன்ன காரணம். தொழிலாளர் கூடுதலாகக் கேட்டனர் என்று அது சொல்லவில்லை.

மறுபுறம் பாருங்கள். 2021 டிசம்பரில், ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர் விடுதி ஒன்றில் கெட்ட உணவால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். விடுதிகளும் உணவறைகளும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கான் போய்விட்டதா? இல்லை, பெருகிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி வளாகம் சிப்காட் மூலம் கட்டித் திறக்கப்பட்டது. சாலையில் அமர்ந்த அந்தப் பெண்கள் வாய் மூடி இருந்திருந்தால் இத்தகைய விடுதியின் தேவை எவர் கண்ணிலும் பட்டிருக்குமா? அதே 2024-இல் செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தம் சங்கத்தை ஏற்கக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். முதலீடு ஓடிவிடும் என்று அப்போதும் அச்சுறுத்தினர். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே ஊதிய உடன்பாடும் ஏற்பட்டது. ஆலை ஓடிவிடவில்லை.

சட்டமன்றமும் இந்த அச்சத்துக்கு ஒருமுறை ஆட்பட்டது. முதலீட்டாளர் விரும்புகின்றனர் என்று சொல்லி, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றப்பட்டது. எதிர்ப்பு எழவே, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அச்சட்டம் இல்லாமலே அடுத்த இரண்டு நிதியாண்டுகளில் மின்னணு ஏற்றுமதி எவ்வாறு உயர்ந்தது என்பதை மேலே கண்டோம். பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்யும் பெண்ணின் முதுகின்மேல்தான் ஏற்றுமதி நிற்கிறது என்பது பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கூலியைப் போலவே நீரும் நிலமும் கணக்கில் வரவேண்டும். வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழில் பல்லாண்டுகள் அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்தது. அதே காலத்தில் பாலாறு நஞ்சாயிற்று. 1996-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனது எனக் குறிக்கப்பட்டது. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலைக் கொன்றது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாக மாறிற்று. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது நகரமே நிலைகுலைந்தது. ஆனால் கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின்னரே அங்கு வேரூன்றிற்று, தொழிலும் மீண்டது. முதலிலேயே பல்லைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஓர் ஆறு தப்பியிருக்குமன்றோ?

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. போட்டி உண்மையானது. வியட்நாமும் வங்காளதேசமும் நம்முடன் ஒரே சந்தையில் நிற்கின்றன. வாங்குபவர் ஒரு சட்டைக்குச் சில காசு குறைவென்றால் நாடு மாறத் தயங்கார். ஆனால் மலிவு ஒன்றையே மூலதனமாக்கி ஓடும் ஓட்டத்தின் எல்லை எது என்பதை, 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்து விழுந்த ரானா பிளாசா கட்டடம் உலகுக்குக் காட்டியது. சுவரில் விரிசல் கண்ட பின்னும் வேலைக்கு அனுப்பப்பட்ட ஆடைத் தொழிலாளர் 1,100-க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். மேலும், மலிவு நம்மைக் காப்பதும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரின் ஆர்டர்கள் தடுமாறின. எத்தனை குறைந்த கூலி கொடுத்திருந்தாலும் அவ்வரியை ஈடு செய்திருக்க முடியாது. நம்மை நிலைநிறுத்துவன திறமும் தரமும், பல நாட்டுச் சந்தைகளும், உறுப்புகளையும் இங்கேயே செய்யும் ஆற்றலுமே ஆகும். தன்னை மதிக்கும் ஆலையில் ஆண்டுக்கணக்காக நிலைத்துப் பணிபுரியும் தொழிலாளியிடமே திறம் வளரும். ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றப்படும் ஒப்பந்தக் கூலியிடம் அது வளராது.

எனவே நாம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். அரசு ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் சலுகைகளையும், அந்நிறுவனம் தரும் நிலையான வேலைகளின் எண்ணிக்கையையும் மக்கள் அறிய வெளியிட வேண்டும். மானியம் முதலீட்டுத் தொகைக்கு மட்டுமன்றி, நிரந்தர வேலைக்கும் உள்ளூர்க் கொள்முதலுக்கும் இணைக்கப்பட வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை எந்த ஒப்பந்தமும் விழுங்கலாகாது. மணமான பெண்களை ஐபோன் பொருத்தும் பணிக்கு எடுப்பதில்லை என்று 2024-இல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது. மறுப்போடு நில்லாது, தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆய்ந்து வெளியிடும் நிலை வேண்டும். ஆலை மூடப்படின் தொழிலாளியின் நிலுவையே முதற்கடனாகக் கருதப்பட வேண்டும். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் கார் ஆலையைத் திறந்தது. தென்மாவட்ட இளைஞர் சென்னைக்குப் பேருந்து ஏறாமல் வேலை பெற வழி பிறந்தமைக்கு மகிழ்வோம். இக்கேள்விகளை அங்கேயும் கேட்போம்.

உழைப்பு மூலதனத்துக்கு முற்பட்டது, மூலதனம் உழைப்பின் கருவியே என்பதை 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். இதைக் கேட்டுத் தலையசைக்கும் நம்மில் பலர், நம் வீட்டுப் பெண் ஆலை விடுதியிலிருந்து அழுதுகொண்டு தொலைபேசியில் பேசினால், "பொறுத்துக்கொள், வேலை போய்விடும்" என்றே சொல்கிறோம். நம்மில் சிலர் பட்டறை நடத்துகிறோம். சிலர் ஆள்சேர்க்கும் ஒப்பந்தக்காரராக இருக்கிறோம். சிலர் அந்நிறுவனங்களில் மேலாளராக உயர்ந்திருக்கிறோம். வெளிநாட்டு முதலாளியின் அறத்தைப் பற்றிப் பேசுமுன், நம் பட்டறைத் தொழிலாளிக்கு வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் ஒழுங்காகச் செலுத்துகிறோமா என்று பார்ப்பது நன்று.

முதலீடு வரட்டும், கப்பல்கள் நிறையட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை பெருகட்டும். வருபவரை மரியாதையுடன் வரவேற்போம். ஆனால் கைகட்டி நின்று வரவேற்க வேண்டியதில்லை. நம் நிலம், நம் நீர், நம் பள்ளிகள், நம் மக்களின் இளமை ஆகியவற்றை விலையாகக் கொடுத்து வாங்கிய மாடு இது. பால் யாருக்குப் போகிறது என்று கேட்பது நன்றிகெட்ட செயலன்று. விலை கொடுத்தவரின் உரிமை. அதைக் கேட்கத் தவறினால், நமக்குப் பின் வரும் தலைமுறைக்குச் சாணி அள்ளும் வேலை மட்டுமே மிஞ்சும்.